எதிரெதிர் நின்றவர்கள் இடம் மாறும்போது

கடத்தூரில் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்காகப் போன தூது அது. தகடூர் என்றால் நம் தர்மபுரி. அதனால் இது நம்மூர்ச் சரக்கு. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். ஔவை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. உன் வேல்களெல்லாம் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன. எங்கள் ஆள் வைத்திருப்பவையோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். முதலில் கேட்கும்போது தொண்டைமானுக்குக் குளிர்ந்திருக்கும். கொஞ்சம் யோசித்த பிறகுதான் உறைத்திருக்கும். பளபளப்பு, போருக்குப் போகாத வேலுடையது. உடைசல், ஓய்வே இல்லாத வேலுடையது. தொண்டைமானை இழித்து ஒரு சொல்கூட அந்தப் பாட்டில் கிடையாது. இரண்டு கொட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உயர்ந்து நின்றது தானாகவே கீழே இறங்கிவிட்டது.

ஒன்றை இன்னொன்றின் எதிரே நிறுத்துகிற இந்த வேலைக்கு முரண் என்று பெயர் வைத்து, தொல்காப்பியம் அதைத் தொடை வகைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதே சங்கதி ‘கான்ட்ராஸ்ட்’ என்று தேர்வுத்தாளில் வரும். இன்ன நாவலில் கான்ட்ராஸ்ட் எப்படிக் கருத்தை வளர்க்கிறது, விவரி. கைடில் பதில் தயாராக இருக்கும். தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஒளி, வலப்பக்கம் இருள். இடப்பக்கம் அழகு, வலப்பக்கம் விகாரம். இடப்பக்கம் நெருப்பு, வலப்பக்கம் பனி. கோடு போடுவதில் குற்றமில்லை. போட்டவுடன் பேனாவை மூடிவிடுவதுதான் வம்பு. ஔவையின் பாட்டுக்கு இப்படிக் கோடு போட்டால் தொண்டைமான் அல்லவா ஜெயிப்பான்? இந்தப் பக்கம் இருந்தது எந்த இடத்தில் அந்தப் பக்கம் தாவுகிறது என்று பார்க்க வேண்டும். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட நாவலையும் அப்படித்தான் பார்க்கப் போகிறேன். மேரி ஷெல்லி எழுதிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’.

தமிழுக்கு இந்த நாவல் எப்போதோ வந்துவிட்டது. புதுமைப்பித்தன் இதை ‘பிரேத மனிதன்’ என்ற பெயரில் கொடுத்திருக்கிறார். ‘காஞ்சனை’ எழுதிய கை இதைத் தேடிப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

நாவல் பிறந்ததே ஒரு விபரீதமான பருவத்தில். 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. வானத்துக்குப் போன புழுதியும் புகையும் உலகத்தைச் சுற்ற, அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஓயாத மழை. ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த கவிஞர் பைரன், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதிப் பார்க்கலாம் என்று கிளப்பிவிட்டார். கூட இருந்தவர்கள் கவிஞர் ஷெல்லி, மருத்துவர் பாலிடோரி, ஷெல்லியோடு வந்திருந்த மேரி. மேரிக்கு வயது 18. அவரைப் பெற்ற சில நாட்களிலேயே அவருடைய தாய் இறந்துவிட்டார். பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட்தான் அந்தத் தாய். மேரி பெற்ற முதல் பெண் குழந்தையும் 1815-ல் சில நாளே இருந்து போய்விட்டது. பிறப்பும் சாவும் ஒரே அறையில் நடப்பதை அந்தப் பெண் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தார். 1818 ஜனவரி 1 அன்று லண்டனில் மூன்று பாகங்களாக 500 பிரதிகள் வெளிவந்தன. ஆசிரியர் பெயர் போடவில்லை. வால்டர் ஸ்காட் மதிப்புரை எழுதியபோது ஷெல்லிதான் எழுதியிருக்கிறார் என்றே எண்ணிக்கொண்டார். 1823-ன் இரண்டாம் பதிப்பில்தான் மேரியின் பெயர் வந்தது. 1831-ல் அவரே திருத்தி மறுபடி வெளியிட்டார்.

கோத்திக் எனப்படும் இந்தத் திகில் நாவல் வகையை இங்கிலாந்தில் 1764-ல் தொடங்கி வைத்தவர் ஹொரேஸ் வால்போல். பாழடைந்த கோட்டை, சுரங்க வழி, குடும்பச் சாபம், அலறி ஓடும் இளம்பெண் என்று அதற்குச் சாமான் பட்டியலே உண்டு. மேரி அந்தச் சாமான்களில் முக்கால்வாசியைத் தூக்கி வெளியே போட்டார். கோட்டைக்குப் பதில் மாணவன் ஒருவனின் மாடி அறை. மந்திரத்துக்குப் பதில் ரசாயனம். பேயே இல்லாத பேய்க்கதை அது.

படிக்காதவர்களுக்காகக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெனீவாக்காரன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகிறான். பிணக் கிடங்குகளில் பொறுக்கிய உறுப்புகளைச் சேர்த்து எட்டடி உயரத்தில் ஓர் ஆளைச் செய்து உயிரும் கொடுத்துவிடுகிறான். அந்த ஜீவன் கண்ணைத் திறந்ததுமே பயந்து ஓடுகிறான். கைவிடப்பட்டவன் தானாகப் பேசவும் படிக்கவும் கற்றுக்கொள்கிறான்; மனிதர்களிடம் போய் அடிபடுகிறான்; படைத்தவனைத் தேடி வந்து, எனக்கு ஒரு துணை செய்து கொடு, கண்காணாத இடத்துக்குப் போய்விடுகிறேன் என்கிறான். ஒப்புக்கொண்ட விக்டர், வேலை முடியும் தறுவாயில் அந்தப் பெண்ணுருவைக் கிழித்துப் போடுகிறான். இதற்கு முன்னும் பின்னுமாக விக்டரின் தம்பியும் நண்பனும் புது மனைவியும் அந்த ஜீவன் கையால் சாகிறார்கள். அதன்பின் துரத்தல் தொடங்கி, வடதுருவப் பனியில் போய் முடிகிறது கதை. துருவத்துக்கு வழி தேடிப் போகிற ராபர்ட் வால்டன் என்பவன், கப்பலில் ஏற்றிய விக்டரிடம் கேட்டதையெல்லாம் தன் சகோதரிக்கு எழுதுகிற கடிதம்தான் முழு நாவலும்.

இதில் ஆதாரமான முரண் எது என்று கேட்டால் ஒளியும் இருளும் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணும் காதும் என்பேன்.

விக்டர் அந்த உருவத்தை அவலட்சணமாகச் செய்ய நினைக்கவே இல்லை. ஒவ்வோர் உறுப்பையும் அழகு பார்த்துத்தான் எடுத்திருக்கிறான். மின்னும் கருங்கூந்தல், முத்துப் போன்ற பற்கள், அளவான கைகால்கள். உயிர் வந்து அசைந்தபோது, சுருங்கிய தோலுக்கும் நீர் கோத்த கண்ணுக்கும் கறுத்த உதட்டுக்கும் பக்கத்தில் அந்த அழகே சகிக்க முடியாததாகிவிட்டது. அழகைக் கூட்டிக் கூட்டி விகாரத்தில் போய் நிற்கிறோம். கோட்டின் இடப்பக்கத்துச் சாமானை வைத்தே வலப்பக்கத்தைக் கட்டியிருக்கிறார் மேரி.

பிறகு அந்த ஜீவன் காட்டோரக் குடிசை ஒன்றின் பக்கத்தில் ஒளிந்து வாழ்கிறான். உள்ளே டி லேசி என்ற பார்வையற்ற முதியவர், மகன் ஃபெலிக்ஸ், மகள் அகதா. சுவரின் சந்து வழியாகக் கேட்டுக் கேட்டே மொழி கற்றுக்கொள்கிறான். அவர்கள் ஏழைகள் என்று தெரிந்ததும் இரவில் போய் விறகு வெட்டி வந்து வாசலில் போடுகிறான். யாரோ நல்ல தேவதை செய்கிற வேலை என்று அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். கையைக் காணாதவரை அது தேவதையின் கை. ஒருநாள் முதியவர் தனியாக இருக்கும்போது உள்ளே போய்ப் பேசுகிறான். அவர் குரலைக் கேட்டு, உண்மையான மனிதர் என்று நம்பி ஆறுதல் சொல்கிறார். அந்த நேரம் பார்த்து பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். அகதா மயங்கி விழுகிறாள்; ஃபெலிக்ஸ் தடியெடுத்து அடிக்கிறான். எட்டடி ஆள் நினைத்தால் ஃபெலிக்ஸைப் பிய்த்துப் போட்டிருக்கலாம். அடியை வாங்கிக்கொண்டு வெளியே போகிறான். ஒரு மனிதன் வாய் திறப்பதற்கு முன்பே அவன் எந்தத் தெரு என்று கேட்டு முடிவு கட்டிவிடுகிற ஊர்களில் வாழ்கிற நமக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதே முரண் மோன் பிளாங்க் மலையடிவாரப் பனியாற்றின் மேல் இன்னும் கூர்மையாகத் திரும்பி வருகிறது. என் கண்ணில் படாதே, போ என்கிறான் விக்டர். அவனோ அருகில் வந்து, தன் கைகளாலேயே விக்டரின் கண்களைப் பொத்திவிட்டு, இப்போது நீ என்னைப் பார்க்க வேண்டியதில்லை, கேள் என்கிறான். நாவலின் கடைசியில், விக்டரின் பிணத்தருகே அவனைப் பார்க்கிற வால்டனும் தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொள்கிறான்; மூடியபடியே நில் என்று அழைக்கிறான். வாசகர்களாகிய நாமும் அந்த முதியவரின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். நமக்கும் அவன் குரல்தான் கிடைக்கிறது.

சரி, கண் பொய், காது மெய் என்று எழுதிவிடலாமா? மேரி அதற்கும் இடம் கொடுக்கவில்லை. அத்தனை உருக்கமாகப் பேசுகிறவன் ஏற்கெனவே ஒரு சிறுவனைக் கொன்றுவிட்டுத்தான் வந்திருக்கிறான். சாகும் தறுவாயில் விக்டர், அவன் பேச்சில் மயங்கிவிடாதே என்று வால்டனை எச்சரிக்கிறான். அந்த விக்டரும் பேச்சில் சளைத்தவனில்லை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

இந்த இடத்தில் எனக்குக் காரைக்கால் அம்மையார் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. கணவன் பரமதத்தன் விட்டுப் போன பிறகு, புனிதவதி தன் அழகைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பேய் வடிவம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. பார்த்தவர்கள் ஓடினார்கள். அந்த வடிவோடு தலையால் நடந்து கயிலைக்குப் போனபோது, சிவன் அவரை அம்மையே என்று அழைத்தார். மேரியின் நாவலை இதன் எதிரே வைத்துப் பாருங்கள். இங்கே வடிவத்தை அவன் கேட்டு வாங்கவில்லை. அவன் தலையில் கட்டப்பட்டது. படைத்தவன் வாயிலிருந்து மகனே என்று ஒரு சொல் வந்திருந்தால் நாவல் மூன்று பாகம் ஓடியிருக்காது. ஓர் உருவம் பேயா தாயா என்பதை உருவம் தீர்மானிப்பதில்லை, கூப்பிடுகிறவர் தீர்மானிக்கிறார் என்பதில் இரண்டு நூல்களும் கைகோக்கின்றன.

சினிமா இந்த முரணைக் கெடுத்துவிட்டது. 1931-ல் ஜேம்ஸ் வேல் எடுத்த படத்தில் போரிஸ் கார்லாஃபின் நடிப்பு அபாரம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாத்திரம் பேசாது, உறுமும். மில்டனையும் புளூட்டார்க்கையும் கதேயையும் படித்தவன் உறுமினால், காதுக்கு வேலையே இல்லாமல் போகிறது. உலகத்தில் பாதிப் பேருக்கு ஃபிராங்கன்ஸ்டைன் என்றால் அந்த உறுமல்தான். நம் பக்கம் 2010-ல் வந்த ‘எந்திரன்’ இன்னொரு விதத்தில் மேரிக்கு நெருக்கமாகப் போய்விட்டது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். படைத்த வசீகரனும் படைப்பான சிட்டியும் ஒரே ரஜினிகாந்த். நாவல் பக்கம் பக்கமாகச் சொல்வதை அந்த ஏற்பாடு ஒரே வீச்சில் காட்டிவிடுகிறது. காதல், கோபம், கைவிடல், துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் எறிதல் எல்லாமும் அங்கே இருக்கின்றன. நாவலிலும் முதல் பாதியில் விக்டர் தலைவன், மற்றவன் அவனைக் கெஞ்சுகிறவன். பெண்ணுரு கிழிக்கப்பட்ட பிறகு, நான்தான் உனக்கு எஜமான் என்று அவன் சொல்கிறான். அதன்பின் விக்டரின் நடமாட்டத்தையெல்லாம் அவன்தான் தீர்மானிக்கிறான். துருவப் பனியில் துரத்துகிறவன் விக்டர் போலத் தெரியும். ஆனால் அடையாளம் விட்டுவிட்டு, வழியில் சாப்பாடும் வைத்துவிட்டு, இழுத்துக்கொண்டு போகிறவன் அவன்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நமக்குக் கிழக்கே, செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்டது. மாட்டை மீட்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுடைய கல் அது. அவன் பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். நாய்க்கும் பெயர் எழுதிய நிலம் இது. தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களை வரிசையாகப் பார்க்கலாம். நாவலில் அந்த ஜீவனுக்குக் கடைசிவரை பெயர் கிடையாது. 1823-ல் லண்டனில் இதை நாடகமாகப் போட்டபோது, நடிகர் பட்டியலில் அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்தான் அச்சிட்டிருந்தார்கள். அதைப் பார்த்த மேரி ரசித்திருக்கிறார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. படைத்தவனின் பெயரை உலகம் பிடுங்கிப் படைப்புக்குக் கொடுத்துவிட்டது. ஃபிராங்கன்ஸ்டைன் யார் என்று தெருவில் கேட்டுப் பாருங்கள், அந்தப் பூதம் என்பார்கள். மேரி இதைத் திட்டமிடவில்லை. ஆனால் அவர் எழுதிய நாவலின் தர்மத்துக்கு இது பொருந்திப் போகிறது.

அடுத்தது கல்யாணமும் சாவும். புறநானூற்றின் 194-ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஓர் ஊரைக் காட்டுகிறார். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. ஒருத்தி பூ அணிந்திருக்கிறாள், ஒருத்தி அழுகிறாள். படைத்தவன் பண்பில்லாதவன் என்று அந்தப் புலவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். மேரிக்கும் படைத்தவன் மேல் அதே கோபம் உண்டு. ஆனால் அவர் இரண்டு வீட்டை ஒரு வீடாக்கிவிடுகிறார். விக்டரின் மனைவி எலிசபெத்தின் முதலிரவுக் கட்டிலே பிணக்கட்டில். அந்த இரவு திடீரென்று வந்ததும் இல்லை. படைப்புக்கு உயிர் கொடுத்த நவம்பர் இரவிலேயே விக்டர் ஒரு கனவு காண்கிறான்: எலிசபெத்தை முத்தமிடுகிறான், அவள் அவன் கையிலேயே இறந்துபோன தாயின் சடலமாக மாறுகிறாள். உன் கல்யாண இரவில் வருவேன் என்று அந்த ஜீவன் எச்சரித்தபோது, தன்னைத்தான் கொல்லப் போகிறான் என்று விக்டர் கைத்துப்பாக்கியோடு காத்திருக்கிறான். மனைவிக்கு ஆபத்து வரலாம் என்று அந்தப் படிப்பாளி மூளைக்கு உறைக்கவே இல்லை. தன்னைத் தவிர இன்னொருவரை நினைக்கத் தெரியாதவன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்த எலிசபெத் யார்? 1818 பதிப்பில் அவள் விக்டரின் அப்பாவுடைய தங்கை மகள். அதாவது அத்தை மகள். நமக்கு இதில் ஒரு நெருடலும் இல்லை, முறைப்பெண், கட்டிக்கொள்கிறான். 1831-ல் மேரி இந்த உறவை எடுத்துவிட்டார். அதில் அவள் இத்தாலியில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் வளர்கிற அநாதை. ஐந்து குழந்தைகள் இருக்கும் அந்த வீட்டில், மற்ற நாலும் கறுத்த கண்ணும் முரட்டு உடம்புமாக இருக்க, இவள் மட்டும் பொன்முடியும் வெளுத்த நிறமுமாக இருக்கிறாள். விக்டரின் தாய் அவளைப் பார்த்ததுமே மயங்கித் தன்னோடு கூட்டி வந்துவிடுகிறாள். முறைக்கல்யாணம் அந்த நாட்டு வாசகர்களுக்கு உறுத்தியிருக்கும், அதற்காக மாற்றினார் என்பார்கள். இருக்கட்டும். விளைவைப் பாருங்கள். அநாதைகள் இருவர். ஒருத்தி கண்ணுக்கு அழகு, வீட்டுக்குள் வந்தாள். ஒருவன் கண்ணுக்கு விகாரம், வெளியே போனான். அந்த நல்ல தாயின் கருணையும் கண் வழியாகத்தான் வந்தது. மற்ற நாலு குழந்தைகளை அவள் ஏன் கூட்டி வரவில்லை? ஒரு திருத்தத்தில் நாவலின் அன்பான பக்கத்திலேயே கறையை வைத்துவிட்டார் மேரி.

ஒளி, நெருப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்டனின் முதல் கடிதத்தில் துருவம் சூரியன் மறையாத ஆனந்த பூமி. விக்டரும் இருண்ட உலகுக்கு ஒளி கொண்டு வரப்போவதாகத்தான் பேசுகிறான். அந்த ஒளியைத் தேடி ராத்திரியில் கல்லறை தோண்டப் போகிறான். பிச்சைக்காரர்கள் விட்டுப்போன தணலைக் கண்டு மகிழ்ந்து அதில் கையை வைத்துச் சுட்டுக்கொள்கிறவன் அவன் படைப்பு. ஒரே பொருள் குளிரையும் போக்குகிறது, கையையும் சுடுகிறது, இது என்ன என்று யோசிக்கிறான். பல்கலைக்கழகம் போன விக்டர் அந்த யோசனையை ஒருநாளும் செய்யவில்லை. பிறகு அந்த ஜீவன் அதே நெருப்பில் டி லேசி வீட்டைக் கொளுத்துகிறான். முடிவில் துருவத்துக்குப் போய்ச் சிதை மூட்டி எரிந்துவிடப் போகிறேன் என்கிறான். பனிப்பாலைவனத்தில் விறகுக்கு எங்கே போவான் என்று கேட்கக்கூடாது. மேரிக்கு அந்த முடிவில் நெருப்பும் பனியும் ஒரே இடத்தில் வேண்டியிருந்தது.

ஜஸ்டின் என்ற வேலைக்காரப் பெண், விக்டரின் தம்பியைக் கொன்றதாகச் சொல்லி, செய்யாத கொலைக்குத் தூக்கில் போகிறாள். பாதிரியார் மிரட்டி வாங்கிய ஒப்புதலோடு. உண்மை தெரிந்த விக்டர் வாயே திறக்காமல், அவளைவிட எனக்குத்தான் வேதனை அதிகம் என்கிறான். இந்தப் பக்கத்தில் எனக்கு அவன் மேல் பொறுமை போய்விடும். நாவலின் பெண்கள் பெரும்பாலும் இப்படிச் சாகிறவர்களாகவே இருப்பது ஒரு குறைதான். தகப்பன் பேச்சை மீறி, ஃபெலிக்ஸைத் தேடி நாடு கடந்து வருகிற ஸாஃபி ஒருத்தி மட்டும் அதற்கு எதிரே நிற்கிறாள். கதையின் நட்டநடுவில் அவளை வைத்திருக்கிறார் மேரி.

இனி விக்டரும் கிளெர்வலும். கைடுகளில் இது கட்டாயம் இருக்கும். விக்டர் இயற்கையைக் கிழித்துப் பார்க்கிறவன். நண்பன் ஹென்றி கிளெர்வல் இயற்கையை ரசிக்கிறவன். அவன் விஞ்ஞானம், இவன் கவிதை. அவன் நோய், இவன் மருந்து. உண்மைதான். கிளெர்வல் இரவு பகலாக நோயாளி விக்டருக்குப் பணிவிடை செய்கிறான். பாரசீகம், அரபி என்று கீழைமொழிகள் படிக்கிறான். 1831 பதிப்பில் சமஸ்கிருதமும் சேர்கிறது. அதே பதிப்பில் மேரி புதிதாக ஒன்று சேர்த்தார். கிளெர்வலுக்கு இந்தியா போக ஆசை. எதற்கு? அந்நாட்டு மொழிகளையும் சமூகத்தையும் அறிந்த தன்னால், ஐரோப்பியக் குடியேற்றத்துக்கும் வியாபாரத்துக்கும் உதவ முடியும் என்று.

இந்திய வாசகர் இந்த இடத்தில் புத்தகத்தை ஒரு நிமிடம் கீழே வைக்க வேண்டும். கதை நடக்கும் ஆண்டை மேரி 17 என்று போட்டுக் கோடு இழுத்துவிடுகிறார். ஆனால் ஃபெலிக்ஸ் வாசித்துக் காட்டுகிற வோல்னியின் நூல் 1791-ல் வந்தது. ஆக, கதை நடப்பது அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில். அப்போது நம் மண்ணில் என்ன நடந்தது? 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து நம் பகுதியான பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவர் கீழே தாமஸ் மன்றோவும் வந்தார்கள். 1799 வரை மன்றோ இந்தப் பக்கம் வயல் வயலாக அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, உழவனிடம் நேராக வரி வாங்கும் ஏற்பாட்டை உருவாக்கினார். ரயத்துவாரி முறையின் பிறப்பிடம் இதுதான். மன்றோ பாரசீகம் படித்தவர். குடியானவர்களோடு பேசிப் பழகியவர். நல்லவர் என்று பெயரும் எடுத்தவர். கிளெர்வல் உயிரோடு இருந்து கப்பல் ஏறியிருந்தால் வந்து இறங்கியிருக்கக்கூடிய உத்தியோகம் அதுதான்.

இப்போது விக்டருக்கும் கிளெர்வலுக்கும் நடுவே போட்ட கோட்டைப் பாருங்கள். ஒருவன் உடம்பைத் திறந்து அறிந்து ஆளப் பார்க்கிறான். இன்னொருவன் மொழியைத் திறந்து அறிந்து ஆள உதவப் பார்க்கிறான். ரசனை, கனிவு, நட்பு எல்லாம் அப்படியே இருக்க, கை மட்டும் ஒரே இடத்துக்கு நீள்கிறது. மேரி இதைக் கண்டனமாக எழுதினாரா, பெருமையாக எழுதினாரா என்று ஆய்வாளர்கள் வாதாடட்டும். அமெரிக்கப் பழங்குடிகளுக்கு நேர்ந்ததைக் கேட்டு ஸாஃபியோடு சேர்ந்து அந்த அநாதை ஜீவன் அழுகிறது என்று எழுதிய கைதான் இந்த வரியையும் எழுதியது. லண்டன் வாசகர் தாண்டிப் போய்விடக்கூடிய வரி. கடத்தூரில் உட்கார்ந்து படிக்கிறவர் தாண்டக்கூடாது.

புதுமைப்பித்தனுக்கு வருகிறேன் என்று சொன்னேன். ‘காஞ்சனை’யில் கதை சொல்கிறவன் ஓர் எழுத்தாளன், கற்பனையில் பிழைக்கிறவன், பேயை நம்பாத புத்திசாலி. வீட்டுக்குப் பிச்சை கேட்டு வருகிற ஒருத்தியை மனைவி பரிவோடு உள்ளே சேர்த்துக்கொள்கிறாள். இரவில் நறுமணமும் பிணவாடையும் மாறி மாறி வருகின்றன. அவள் பேயா, இவனுடைய மனப்பிராந்தியா என்று கடைசிவரை தீர்ப்புக் கிடையாது. பகுத்தறிவும் பயமும் ஒரே மண்டைக்குள் குடித்தனம் செய்கின்றன. வாசலில் வந்த அநாதையை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பது அவர் கதை. வெளியே தள்ளினால் என்ன ஆகும் என்பது மேரியின் கதை. இரண்டையும் ஒரே வாரத்தில் படித்துப் பாருங்கள்.

கடைசியாக, வால்டனின் கப்பல். ஆசையால் அழிந்த விக்டரைப் பார்த்து வால்டன் திருந்தித் திரும்பினான் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். நாவலில் அப்படி இல்லை. சுற்றிலும் பனிக்கட்டி இறுகிக் கப்பல் மாட்டிக்கொள்கிறது. ஆட்கள் சாகிறார்கள். மாலுமிகள் திரண்டு வந்து, பனி விலகினால் தெற்கே திரும்ப வேண்டும், சத்தியம் செய்து கொடு என்கிறார்கள். எழுந்து உட்காரவும் வலுவில்லாத விக்டர் அப்போது பேசுகிறான் பாருங்கள், அப்பேர்ப்பட்ட பேச்சு. வீரமாகப் புறப்பட்டீர்களே, கோழைகளாகவா திரும்புவீர்கள், ஆண்பிள்ளைகளாக இருங்கள் என்று. இந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது, நீ கற்றுக்கொள் என்று வால்டனுக்குப் புத்தி சொன்ன அதே வாய். சாகும்போதும், அடக்கமாக இரு என்று சொல்லிவிட்டு, நான் தோற்ற இடத்தில் இன்னொருவன் ஜெயிக்கலாமே என்று ஒரு வாலை ஒட்டிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறான்.

பேச்சைக் கேட்டு மாலுமிகள் உருகினார்கள். உருகினாலும் மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கப்பல் திரும்பியது அவர்களால்தான். விக்டருக்கும் வால்டனுக்கும், விக்டருக்கும் அவன் படைப்புக்கும் என்று எத்தனையோ ஜோடி போட்டுப் பேசுகிறோம்; சம்பளத்துக்கு வந்து, குளிரில் செத்து, வேண்டாம் என்று சொன்ன இந்த ஆட்களை எந்த ஜோடியிலும் சேர்ப்பதில்லை. வால்டனும் அவர்களுக்கு நன்றி சொல்லவில்லை. கோழைத்தனத்தால் என் நம்பிக்கையெல்லாம் பாழாயிற்று, ஒன்றும் அறியாமல் ஏமாந்து திரும்புகிறேன் என்றுதான் சகோதரிக்கு எழுதுகிறான். உயிரோடு ஊர் திரும்பிக்கொண்டிருக்கிற மனிதன் எழுதிய கடிதம் அது.